சாலமன் ஓடியதும் நின்றதும்

ரயிலில் கால் வலிக்குப் பெயின் ஸ்ப்ரே அடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விடிந்தும் விடியாமலும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்புகிற வண்டியில், ஆளுக்கு அரை சீட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எதிரே ஒரு காலேஜ் பையன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் கெண்டைக்காலில் புஸ்ஸென்று அடிக்கிறான். கண் எரியாதா? திட்டத்தான் போனேன். அதற்குள் அவன் பக்கத்துப் பையனிடம் சொன்னது காதில் விழுந்து, திட்டு மறந்துபோயிற்று.

“பந்த வெச்சிகினு ஓடி ஓடி ஜெயிக்கிற காலம்லாம் முடிஞ்சிபோச்சி மச்சா. இப்போ காலேஜ் மேட்ச்சுல எல்லாமே பாஸிங்தான்.”

“சும்னே இரு மச்சா. ஓடத் தெரியாதவன்தான் பாஸிங் பாஸிங்னு சொல்வான்.”

பங்காருபேட்டை வரைக்கும் இதே சண்டை. கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. “அங்கிள், நீங்க சொல்லுங்க. ஓடியே ஜெயிக்க முடியுமா, முடியாதா?” நான் தொண்டையைச் செருமிக்கொண்டு “அது வந்து…” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சரியான முடிவுதான். இவர்கள் பிறப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிட்டது. இன்றுவரை எனக்கு விடை தெரியாது. உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்காவது ஏதாவது புரிகிறதா பாருங்கள்.

அந்த ஸ்ப்ரே வாசனை இருக்கிறதே, அது உண்மையில் நீலகிரித் தைலத்தின் பணக்கார உறவுக்காரன். எங்கள் நாளில் தைலம்தான். சாலமனின் அம்மா ரோசம்மா ஆன்ட்டி, மேட்ச் அன்றைக்கு மகனைப் படியில் உட்காரவைத்து இரண்டு காலுக்கும் தேய்ப்பார். சர்ச்சுக்குப் போனாலும் அவர் கையில் அந்த வாசனைதான். சாலமன் என் கூடப் படித்தவன், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அடுத்த லைனில் வீடு, எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமில் வலது ஓரத்தில் ஆடுகிறவன். இடது ஓரம் நான். ஓரத்தில் நின்றேன் என்பதுதான் பொருத்தம். நான் ஓடினால் பந்து என்னோடு வராது. அதற்கு வேறு வேலை இருக்கும்.

சாலமன் ஓடினால் பந்து அவன் காலை விட்டுப் போகாது. எங்கள் ஊர் ஆட்டமே ஓட்டம்தான். அதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் இல்லை, கிரவுண்டு. எங்கள் தங்கச் சுரங்க ஊரில் பாலகாட் பக்கம் நாங்கள் ஆடிய இடம் முழுக்கப் பொடிக்கல். தரையோடு பந்தைத் தள்ளினால் கல்லில் பட்டு எங்கேயோ போகும். மேலே தூக்கி அடிக்கலாம் என்றால் பக்கத்திலேயே சைனைட் டம்ப், அதாவது தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் மலை. காற்றுக் காலத்தில் அந்த மண் எழும்பினால் பந்தும் தெரியாது, கோல் போஸ்டும் தெரியாது. வாயெல்லாம் மண். தங்கம் எடுத்த மண்ணாச்சே, ஒரு குந்துமணியாவது பல்லில் மாட்டியிருக்காதா என்று நாக்கால் துழாவியிருக்கிறேன். ஆகவே பந்து கிடைத்தால் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவது ஒன்றுதான் வழி. அதற்கு எங்களிடையே ‘டிராம் தள்றது’ என்று பெயர். சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போவார்களே, அது டிராம். சாலமனின் அப்பா அதைத்தான் தள்ளினார்.

தள்ளித் தள்ளி நெஞ்சில் கல்தூசு ஏறிவிட்டது. நான்கு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடும். மைன்ஸை மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. புதிதாக யாரையும் எடுக்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் இன்டர் காலேஜ் ஃபைனலுக்குப் போனோம். ஆட்டத்தைப் பார்க்கப் பெங்களூர் ஃபேக்டரி ஒன்றின் செலக்டர் வருகிறார், ஃபேக்டரி டீமுக்கு ஒரே ஒரு பையனை எடுத்து வேலையும் கொடுப்பார் என்று சேதி வந்தது. எங்களுக்கெல்லாம் அது கோப்பை. சாலமனுக்கு மட்டும் சோறு. அந்த வேலை கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் காலேஜில் புதுக் கோச் போட்டார்கள். விவேக் சார், பெங்களூர்க்காரர், நல்ல மனிதர். எங்கள் ஆட்டத்தைப் பார்த்து முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டார். “ஓடறதுல்லாம் பழைய காலம்ப்பா. பந்து ஓடணும், நீங்க ஓடக்கூடாது.” எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் ஓடாமல் பந்து எப்படி ஓடும்? “மாத்து, மாத்து” என்று அவர் கத்தக் கத்த நாங்கள் ஒருவருக்கொருவர் பந்தை மாற்றிக்கொண்டோம். கடைசியில் அது யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் தேடுவோம்.

ஃபைனலுக்கு முதல் நாள் சாயங்காலம் சாலமன் தன் வீட்டுப் படியில் என்னைப் பிடித்துக்கொண்டான். “இன்னாடா பண்றது? ஓடட்டுமா, பாஸ் பண்ணட்டுமா? ஓடினா சார் வெளிய உக்கார வெச்சிடுவாரு. ஓடலன்னா செலக்டர் கண்ணுல நான் எப்டிடா படுவேன்?”

“ரெண்டும் பண்ணுடா” என்றேன். என்ன ஞானம் பாருங்கள்.

உள்ளேயிருந்து ரோசம்மா ஆன்ட்டி குரல் கொடுத்தார். “இன்னாத்தையாவது பண்ணு. வேலைய வாங்கிகினு வா.”

பெங்களூர் கிரவுண்டில் புல் இருந்தது. பச்சைப் புல்! ஷூ காலோடு மிதிக்க மனசே வரவில்லை. அந்தப் புல்லில் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. எதிர் டீம் பையன்கள் நின்ற இடத்திலிருந்தே தட்டித் தட்டி எங்களைச் சுற்றவைத்தார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். சார் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது பாதியில் சாலமன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு டிராம் தள்ள ஆரம்பித்தான். அடேயப்பா! கல்லில் ஓடிய கால் புல்லில் என்ன ஓட்டம் ஓடியது! வேடிக்கை பார்த்த எதிர்க் காலேஜ் பையன்களே எழுந்து நின்று கத்தினார்கள். ஊர்ச் சரக்குதான் சரக்கு, சார் சொன்னது சுத்தப் பொய் என்று நினைத்தேன். என் கொள்கை அவ்வளவு உறுதியானது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். சாலமன் வலது பக்கம் மூன்று பேரைத் தாண்டிவிட்டான். எதிரே கோல்கீப்பரும் தடுக்க ஒரே ஒரு ஆளும். இடது பக்கம் நான் தன்னந்தனியாக நிற்கிறேன். கோட்டுக்கு வெளியேயிருந்து விவேக் சார் தொண்டை கிழியக் கத்தினார்.

“ஷிஃப்ட்! சாலமன், ஷிஃப்ட்!”

பந்தை அந்தப் பக்கம் மாற்று என்று அவருக்கு அர்த்தம். பிராக்டிஸில் தமிழில் சொன்ன மனிதர், பெரிய மனிதர்களெல்லாம் பார்க்கிறார்களே என்று அன்றைக்கு இங்கிலீஷுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஷிஃப்ட்டுக்கு ஒரே அர்த்தம்தான். உன் நேரம் முடிந்தது, அடுத்த ஆள் வந்தாச்சு, கையில் இருக்கிறதை வைத்துவிட்டு வெளியே வா. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு அப்பாக்கள் கிளம்பியதையும் திரும்பியதையும் பார்த்தவர்கள் நாங்கள். ஓடியதற்காக சார் தன்னை வெளியே கூப்பிடுகிறார் என்றுதான் சாலமன் எடுத்துக்கொண்டான். நின்றுவிட்டான். பந்தின் மேலிருந்து காலை எடுத்துவிட்டுக் வெளிக்கோட்டைப் பார்த்து நடக்கவும் ஆரம்பித்தான். எதிர் டீம் பையனுக்கே ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போனான். தோற்றோம்.

திரும்பி வந்தது பஸ்ஸில். டேகல் தாண்டும்போது சாலமன் மெதுவாகச் சொன்னான். “ஷிஃப்ட்னா மாத்தறதாம்டா.” சொல்லிவிட்டுச் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து விவேக் சார் லைனுக்கே வந்து சொன்னார். செலக்டர் சாலமனைத்தான் எடுத்திருக்கிறார். ஏன் தெரியுமா? “மூணு பேர தாண்டி கோல் பக்கத்துல போனவன், கோச் ஒரு சத்தம் குடுத்ததும் நின்னான் பாருங்க, அந்த மாதிரி சொல்பேச்சு கேக்கற பையன்தான் நமக்கு வேணும்” என்றாராம். ரோசம்மா ஆன்ட்டி அழுதுகொண்டே கர்த்தருக்கு நன்றி சொன்னார். நாங்கள் முழித்தோம்.

நீங்களே சொல்லுங்கள், இதில் ஓட்டம் ஜெயித்ததா, தோற்றதா? ஓடாமல் இருந்தால் செலக்டர் பார்த்திருக்கவே மாட்டார். நிற்காமல் இருந்தால் எடுத்திருக்கமாட்டாரோ என்னவோ. எனக்குப் பந்தை மாற்றியிருந்தால்? நான் கோல் போட்டிருப்பேன் என்று பைபிளில் கை வைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் அவன் அப்பாவுக்கு வைத்தியம் நடந்தது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மைன்ஸும் மூடியாயிற்று. நாங்கள் ஆடிய கிரவுண்டில் இப்போது சீமைக்கருவேலம். அந்தப் பக்கம் போகிறவர்களும் குறைவு, போனாலும் ஆடு மேய்க்கத்தான். ஃபேக்டரி டீமில் சாலமனைப் பின்னால் நிறுத்தினார்கள். பந்து வந்தால் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிடுகிற வேலை. கடைசிவரை அதைத்தான் தப்பில்லாமல் செய்தான்.

போன மாதம் பெங்களூரில் அவன் மகள் ஷைனியின் மேட்ச் பார்க்கப் போயிருந்தோம். அவளும் காலேஜ் டீம். வலது ஓரத்தில் பந்து கிடைத்ததும் அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் சாலமன் பதறிப்போய்க் கத்தினான். “பாஸ் பண்ணு பாப்பா! பாஸ் பண்ணுடி!” அவள் பாஸ் பண்ணினாள். இன்னொருத்தி கோல் போட்டாள். ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்து ஷைனி தண்ணீர் பாட்டிலோடு எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். முகம் உர்ரென்று இருந்தது.

“அப்பாக்கு யாராவது ஓடினாலே பயம் அங்கிள். பாஸ் பண்ணு, பாஸ் பண்ணுன்னு ஒரே ரோதனை. லைஃப்ல ஒரு தடவையாவது பந்த எடுத்துகினு ஓடிப் பாத்திருந்தாதானே தெரியும்?”

சொல்லிவிடலாம் என்று சாலமனைப் பார்த்தேன். அவன் மகளுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“ஆமா பாப்பா” என்றான். “எனக்கு ஓட வராது.”