கோயில் வரைக்கும் சைக்கிள்

எனக்குச் சக்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் பெரிதாக ஒன்றும் கலங்கவில்லை. எங்கள் தோல் கம்பெனியில் நாற்பதைத் தாண்டிய பல பேருக்கு அது இருந்தது. கலங்கியது என் வீட்டுக்காரிதான். "மூணு மாசம் பாக்கலாம். மாத்திரை போடுங்க, வாயைக் கட்டுங்க, தினம் நடங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க. அப்பவும் குறையலன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். அவள் அந்த ஊசியிலேயே நின்றுவிட்டாள். அவள் அப்பாவுக்கு முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். கடைசியில் பாதத்தையே எடுத்துவிட்டார்கள்.

வேலூரிலிருந்து ஆம்பூர் பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா கட்டில்ல உக்காந்துகினு, இல்லாத காலைத் தடவிப் பாப்பாரு. எனக்கு உங்க காலு ரெண்டும் முழுசா வேணும். வேற எதுவும் நான் கேக்கலை."

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். மொபெட் வாங்கியதிலிருந்து என் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடந்தது. செயின் துருப்பிடித்து, சீட்டில் கோழி படுத்துக்கொண்டிருந்தது. ரிப்பேர் பார்த்து, காற்றடித்து, கம்பெனிக்கு அதிலேயே போக ஆரம்பித்தேன். முதல் வாரம் விறுவிறுப்பாகப் போனேன். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் ஷிப்மென்ட் அவசரம், ஓவர்டைம். அதற்கப்புறம் வீட்டுக்கு விருந்தாளி, தெருவில் ஒரு சாவு. மொபெட் சாவி கைக்கு எட்டும் இடத்திலேயே ஆணியில் தொங்கும். எட்டாவது வரைக்கும் படித்தவனுக்குக் காரணம் சொல்ல மட்டும் நன்றாக வரும்.

எனக்கு வேலை அசார்ட்மென்ட். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், ரிஜெக்‌ஷன் என்று பிரிக்க வேண்டும். உண்ணி கடித்தது, முள் கிழித்தது, சூடு போட்டது எல்லாம் தோலிலேயே தெரியும். எங்கள் பிரிவுக்கு அடுத்தாற்போல் தோல் அளக்கும் மிஷினில் நின்ற பாய் எனக்கு நெடுநாள் தோஸ்த். என் வயிற்றைப் பார்த்து ஒருநாள் சொன்னார். "உன்ன இந்த மேஜையில விரிச்சா நேரா ரிஜெக்‌ஷன்தான். அளவு மட்டும் ஜாஸ்தி வரும்."

"உங்களுது இன்னா கம்மியா வருமா?" என்றேன்.

"அதான் காலையில சைக்கிள் ஓட்ட நானும் வர்றேன்றேன். விடியக்கால சுபஹு தொழுதுட்டு நேரா வந்துடுவேன். எங்க போலாம்னு நீ சொல்லு."

சும்மா சைக்கிள் மிதிப்பதற்கென்று எழுந்திருக்க எனக்கு மனசு வராது. சாமிக்கென்றால் வரும். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி ஒரு கிராமத்தில் சின்னப் பெருமாள் கோயில் உண்டு. போக ஆறு ஏழு கிலோமீட்டர். மார்கழி முழுக்கத் தினமும் சைக்கிளிலேயே வந்து சேவிக்கிறேன் என்று வீட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் அவளே எடுத்து வைத்தாள்.

அந்த மாதம் ஒருநாள் கூடத் தவறவில்லை. விடியும் முன் தெருமுனையில் பாய் நிற்பார், கையைத் தேய்த்துக்கொண்டு. பாலத்து மேல் பனி முகத்தில் அடிக்கும். கீழே ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணல்தான். கோயிலை நெருங்கும்போது வாசலெல்லாம் கோலம். பாய் எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே போய்ச் சேவிப்பேன். வீட்டில் டீக்குச் சக்கரை கிடையாது, ராத்திரி சோறு கிடையாது, கேழ்வரகுக் களிதான். கம்பெனியில் யாராவது வெள்ளிக்கிழமை பிரியாணி வாங்கிவந்தாலும் பக்கத்தில் போகமாட்டேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பேண்ட் கூட கொஞ்சம் லூசான மாதிரி இருந்தது.

தை பிறந்ததும் வேலூருக்குப் போனோம். ரத்தம் பார்த்தார்கள். சக்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

டாக்டர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிப்பு ஏதாவது?"

"தொடறதே இல்ல சார்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துச் சொன்னேன்.

"இன்னும் மூணு மாசம். இதான் கடைசி" என்றார்.

வெளியே வந்ததும் அவள் ரோட்டோரமே அழுதாள். நான் எங்கேயோ ஓட்டலில் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சாயந்திரம் பாயை வீட்டுக்கு வரவழைத்தாள். நான் கூடத்தில் குற்றவாளி மாதிரி நிற்கிறேன்.

"அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அந்த டீக்கடையில இவரு இன்னா துன்றாரு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. டீ கூடக் குடிக்க மாட்டாரு. நான் பன்னு துன்னா அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

"அப்ப எப்பிடிண்ணே ஏறும்?"

பாய் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "கோயில்லருந்து வெளிய வரும்போது வாய் மட்டும் அசைஞ்சுகினே இருக்கும். நான் மந்திரம்னு நினைச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சக்கரைப் பொங்கல். மார்கழியில் தினமும் சூடாகத் தொன்னையில் கொடுப்பார்கள். நெய் மினுக்கும், முந்திரி இருக்கும். கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, துளி கீழே சிந்தாமல் சாப்பிடுவேன். தினம் வருகிற ஆள் என்று பட்டர் எனக்கு மட்டும் இரண்டு கரண்டி வைப்பார். அதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டாக்டர் கேட்டபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அது துன்ற பண்டம் இல்லம்மா. பிரசாதம்" என்றேன்.

"பிரசாதம்தான். நான் இல்லேங்கலை. உள்ள போனா அதுவும் வெல்லம்தானே?" என்றாள். சொன்ன கையோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள், அபசாரமாகப் பேசிவிட்டோமே என்று. பாய் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பத்து நாள் நான் சைக்கிளைத் தொடவில்லை. பாய் வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். மார்கழி முடிந்துவிட்டது, வேண்டுதலும் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் படுத்துக்கிடக்கும்போது வேறொன்று உறுத்தியது. அந்தக் குளிரில் ஒருநாள் விடாமல் எழுந்தேனே, அது பெருமாளுக்காகவா, தொன்னைக்காகவா? இனிமேல் அங்கே போனால் துளசித் தீர்த்தம் மட்டும்தான் என்று தெரிந்ததும் கால் எழும்ப மாட்டேன் என்கிறதே! தோலில் இருக்கிற ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவன், இதை முப்பது நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பதினோராம் நாள் எழுந்து போனேன். வெட்கத்தோடுதான் போனேன். பட்டர் என்னைவிடச் சின்ன வயசுக்காரர். "என்ன, ஆளையே காணோம்?" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தீர்த்தப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயையோ! உங்களுக்கு ரெண்டு கரண்டி ஏன் வெச்சேன்னு நினைச்சீங்க? அந்தக் குளிர்ல வர்றதே பத்துப் பேரு. மிச்சமாயிடுமேன்னு வெச்சேன். நீங்க ஒருத்தர்தான் வேணாம்னு சொல்ல மாட்டீங்க."

நான் அதை அருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, துளசியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "இன்னிக்கும் வாய் அசையுது" என்றார் பாய். நாக்கை நீட்டித் துளசியைக் காட்டினேன்.

அதற்கப்புறம் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் விசேஷம். தை போய் மாசி, பங்குனி. புதிதாக வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. பெருமாளிடம் ஒன்றுதான் கேட்டேன், எழுந்திருக்கும் புத்தியைக் கொடு என்று. ஓவர்டைம் முடிந்து வந்த மறுநாள் உடம்பு எழும்பாது. அன்றைக்குப் பாலம் வரைக்கும் போய், அங்கிருந்தே கோபுரம் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். பாய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட வாரம் நான் தனியாகப் போனேன். எங்கள் பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை நடந்த நாட்களில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, வெயில் ஏறினாலும் பரவாயில்லை என்று போனேன். போகாத நாளும் இருந்தது. முன்பெல்லாம் ஒருநாள் விட்டால் சங்கிலி அறுந்தது போல ஒரு மாதம் விட்டுவிடுவேன். இப்போது மறுநாள் எழுந்துவிடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். மொபெட் சாவியை வீட்டுக்காரி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். நான் தேடவும் இல்லை.

சித்திரை வெயிலில் மறுபடி வேலூர். பஸ்ஸில் போகும்போது அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அது நிஜமாகவே மந்திரம்தான்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "குறைஞ்சிருக்கு. இன்னும் குறையணும். ஆனா ஊசி இப்ப வேணாம், இப்பிடியே போங்க" என்றார். நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை.

"சார், இவரு காலையும் ஒருதரம் பாத்துடுங்க சார்."

டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சைத் திரித்து விரல் விரலாகத் தொட்டார். தொட்டது தெரிந்தால் எந்த விரல் என்று சொல்ல வேண்டும்.

"கட்டைவிரல்" என்றேன். "அதுக்குப் பக்கத்து விரல்." கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. "இப்ப நான் தொடலை" என்றார் டாக்டர். அப்புறம் மெல்ல ஒரு கூச்சம். "சுண்டுவிரல். எடது கால்." "சரி, உணர்ச்சியெல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, கட்டிலடியில் இருந்த என் செருப்பை இழுத்துக் கால் பக்கமாக வைத்தாள்.

"போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.