இறங்குவதற்கு ஒரு கல்

கல்யாணமான வருடம் எல்லோரும் கொடைக்கானல் போவார்கள். நாங்கள் சைக்கிளில் நாட்டரசன்கோட்டைக்குப் போனோம். அது என் பிறந்த ஊர். காரைக்குடியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். நாங்கள் சுற்றிச் சுற்றி ஒரு வாரம் போனோம். யோசனை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கோடை விடுமுறை. என் வீட்டுக்காரர் ஆபீஸில் லீவு போட்டார். பெண் பார்க்க வந்த அன்றே "எனக்கும் சைக்கிள்னா உசிரு" என்று சொல்லித் தொலைத்தவர், மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

எனக்கு லேடீஸ் சைக்கிள். அவருக்கு அவர் அப்பா விட்டுப்போன, உயரமான இருபத்துநாலு இஞ்ச் சைக்கிள். ஆள் கொஞ்சம் குள்ளம். ஆனால் ஓட்டுவது பார்க்க அழகாக இருக்கும், கைப்பிடி அசையாது.

முதல் நாள் குன்றக்குடி தாண்டி, பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கிவிட்டேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். கூப்பிட்டேன், நிற்கவில்லை. ஒரு பர்லாங் தள்ளி மைல்கல்லில் காலை ஊன்றி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். கோபமோ என்று நினைத்தேன். கண்டரமாணிக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோதும் அதே கதை. நான் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன், இவர் ஊருணிப் படிக்கட்டைத் தேடிப் போகிறார்.

"ஏன் எங்குட்டாச்சும் போய்த்தான் இறங்குறீக?"

"காலுக்கு ஒரு நடை வேண்டாமா?"

அப்போதுதான் உறைத்தது. காரைக்குடியிலும் இவர் தெருமுனைப் பாலக் கட்டையில் இறங்கி வீடுவரை தள்ளிக்கொண்டுதான் வருவார். ஆபீஸில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி சிமெண்டுத் திட்டு இருக்கிறது. ஏற ஒரு கல், இறங்க ஒரு கல். கல் இல்லாத இடத்தில் இந்த மனிதருக்கு இறங்கவே தெரியாது!

சிரித்தேன். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது தப்பு. அடுத்த நாள் முழுக்க அவர் பேசவில்லை. நான் முன்னால், அவர் ஒரு பர்லாங் பின்னால். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் "புருசன் பொஞ்சாதிதானே?" என்று சந்தேகமாகக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவரே வாயைத் திறந்தார். கல்யாணப் பந்தலில் என் பெரிய அண்ணன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சைக்கிள் எட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "உங்க அண்ணன்மாரு முன்னாடி நான் சைக்கிள்லேயே போயி எறங்கணும். அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணன்களுக்கு வாய் நீளம் என்பது எனக்குத் தெரியாதா? அந்த நிமிடம் முதல் இது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

வழியில் ஓர் ஊரில் தங்கி, வற்றிக் கிடந்த கண்மாயில் பயிற்சி. "வலது காலைப் பின்னாடி வீசுங்க, பிரேக்கைப் பிடிங்க, குதிங்க!" பள்ளிக்கூடத்துக் குரல் எனக்குத் தானாக வந்தது. அவர் வீசுவார், கால் கேரியரில் மாட்டும், சைக்கிளும் அவருமாகப் புழுதியில் சாய்வார்கள். எழுந்து, அடுத்த கல்லைத் தேடி ஏறி, மறுபடியும் சாய்வார். ஆடு மேய்த்த கிழவர் ஒருவர் இரண்டு நாள் சாயங்காலமும் தவறாமல் வந்து உட்கார்ந்து பார்த்தார். மூன்று நாளில் முழங்கால், முழங்கை எல்லாம் தேய்ந்தன. இறங்க மட்டும் வரவில்லை. ஆனாலும் நாங்கள் அவ்வளவு சிரித்த நாட்கள் அதற்குப் பிறகு அதிகம் இல்லை. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆறாம் நாள் படுக்கப் போகும்போது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு கருங்கல் கிடக்கிறது! நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் கிடக்கிறது. அதில் காலை ஊன்றி, ஏதோ அலட்சியமாக இறங்குவதுபோல் இறங்கிவிடலாம். சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஏழாம் நாள் சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். அண்ணன்கள் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். கல்லின் மேல், சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக, மாப்பிள்ளையை வரவேற்க அப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் இறங்கிவிட்டேன். இவர் கல்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்படியே கடந்து போனார். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் கடந்து போனார்.

"என்ன மாப்பிள்ளை, பிரகாரம் சுத்துறீகளா?" என்றான் பெரிய அண்ணன். மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்திருங்கள் என்று அப்பாவிடம் சொன்னால் குட்டு உடைந்துவிடும். சொல்லாவிட்டால் இவர் விழுந்துவிடுவார்.

மூன்றாவது சுற்றில் அப்பா இவருடைய காலையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, தோள் துண்டால் கல்லைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இங்குட்டு வாங்க மாப்பிள்ளை. இதுல காலை ஊனுங்க. நான் எறங்குறதுக்குப் போட்ட கல்லுதான் இது. எனக்கும் கல்லு இல்லாம எறங்க வராது."

அண்ணன்களின் சிரிப்பு நின்றது. அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வயலிலிருந்து சைக்கிளில் வந்ததும் அப்பா அந்தக் கல்லில் ஒரு காலை ஊன்றி, தெருவை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அது அவருடைய மிடுக்கு என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த மிடுக்கைத்தான் வந்த மாப்பிள்ளைக்காகத் தெருவில் வைத்து விட்டுக்கொடுத்தார். அன்றைக்குப்போல் அப்பாவை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

இவர் காலை ஊன்றி இறங்கினார்.

அடுத்த மாதம், எங்கள் வீட்டைப் பார்க்கச் சைக்கிளிலேயே வருவதாக அப்பா கார்டு போட்டிருந்தார். அதைப் படித்த அன்றே இவர் எங்கிருந்தோ ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, தெருவே வேடிக்கை பார்க்க, எங்கள் வாசலில் போட்டார்.