எஸ்தரின் மில்லில் ஒரு பிடி அரிசி

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் மா மில் வைத்திருக்கும் எஸ்தரிடம் வாயைக் கொடுத்தால் ஒரு பிரசங்கத்தோடுதான் திரும்ப வேண்டும். கரண்ட் போய் வந்தால் அதில் ஒரு பாடம், அரிசியில் கல் கிடந்தால் அதிலும் ஒரு பாடம். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று சொல்லவே அவள் கணவருக்குப் பயம். வெதுவெதுப்பான விசுவாசத்தைப் பற்றி ஆண்டவர் என்ன சொன்னார் என்று தொடங்கிவிடுவாள். சூடான தேத்தண்ணி மட்டும் வந்து சேராது.

மெதடிஸ்த கோயிலின் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் அவள். அதற்கான ஒத்திகை வாரம் முழுக்க மில்லில் நடக்கும். அரிசியும் மிளகாயும் கொண்டுவரும் முஸ்லிம் பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நல்ல மனுசி, நிறுவையில் குறைக்கமாட்டாள், மாவும் மெதுமெதுவென்று வரும், ஆகவே பிரசங்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய தீர்ப்பு.

அவர்களில் முனவ்வறாதான் அதிகம் பொறுத்தவள். நெடுநாள் வாடிக்கை. எஸ்தர் அவளை அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். பெருநாளைக்கு முனவ்வறா வீட்டுப் பலகாரம் இங்கே வரும், நத்தாருக்கு எஸ்தர் வீட்டுக் கேக் அங்கே போகும்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மில்லின் மிளகாய் மெசின் பழுதாகிவிட்டது. கொழும்பிலிருந்து சாமான் வரும் வரைக்கும் மிளகாயும் அரிசியும் ஒரே மெசினில்தான். மிளகாய் அரைத்து முடிந்ததும் எஸ்தர் தன் வீட்டு அரிசியில் ஒரு பிடி அள்ளி மெசினில் போடுவாள். அது உள்ளே கிடக்கும் காரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு சிவந்து வெளியே வரும். அதைக் கொட்டிவிட்டு, அடுத்தவரின் அரிசியைப் போட்டால் மா வெள்ளையாக வரும்.

"ஏன்கா நல்ல அரிசியக் கொட்டுறாய்?" என்று நோன்பு நாளொன்றில் ஒரு பெண் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

எஸ்தர் ஒரு பிடி அரிசியைக் கையில் ஏந்திக்கொண்டாள். "இஞ்ச பாருங்க. இந்த அரிசி என்ன பாவம் செஞ்சது? ஒண்டும் இல்ல. ஆரோ அரைச்ச காரம். அதத் தான் வாங்கிற்று, பின்னால வாறத வெள்ளையாக்கி விடுது. எங்கட ஆண்டவர் சிலுவையில செஞ்சதும் இதத்தான்."

சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த அரிசியைப் பக்கத்துக் கோப்பையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். பிறகு வரிசையில் அடுத்ததாக இருந்த முனவ்வறாவின் அரிசியை மெசினில் கொட்டினாள்.

அந்த அரிசி சும்மா அரிசி இல்லை. முனவ்வறாவின் மகள் ஆதிலாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு அக்கரைப்பற்றில். நோன்பு துறக்க அவர்களுக்குப் பெண் வீட்டிலிருந்து பலகாரம் அனுப்ப வேண்டும். முனவ்வறா அன்று பகலே அந்த மாவில் சக்கரையும் தேங்காய்ப்பாலும் விட்டு, அல்வா போன்ற தொதல் கிண்டினாள். தும்மல் வந்தது, அடுப்புப் புகை என்று நினைத்தாள். தொதலின் கறுப்பில் மாவின் சிவப்புத் தெரியவில்லை. நோன்பு பிடித்தவள் எப்படி வாயில் வைத்துப் பார்ப்பாள்? அழகாகத் துண்டு போட்டு, பின்னேரமே வேனில் அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்று, அடுத்ததாகத் தொதலைக் கடித்தார்கள். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலையில் கோப்பையில் அந்தப் பிடி அரிசி அப்படியே இருப்பதைக் கண்ட எஸ்தருக்கு, மிளகாய்க்குப் பிறகு அதைப் போடாமலே ராத்தாவின் அரிசியை அரைத்தது விளங்கியது. மில்லைப் பூட்டிவிட்டு முனவ்வறா வீட்டுக்கு ஓடினாள்.

முனவ்வறா கேற்றைத் திறக்கவில்லை. அழுது வீங்கிய முகம். "தொதலெல்லாம் அங்க போய்ச் சேந்திற்று எஸ்தரு. சம்மந்தி போன்ல பேசின பேச்சு எண்ட காதுல இன்னம் கிடக்கு. இப்ப ஒண்டும் கதைக்க ஏலா. நீ போ."

உள்ளே வா என்று சொல்லாமல் முனவ்வறா அவளை அனுப்பியது அதுதான் முதல் தடவை. தன் வாயால் ஒரு பெண்பிள்ளையின் கலியாணம் கெடப்போகிறதே என்று எஸ்தர் பயந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஜெபம் பண்ணினாள். அதில் ஒரு பாடமும் வரவில்லை, ஆண்டவரே ஆண்டவரே என்பது மட்டுந்தான் வந்தது.

மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா கதவைத் திறந்தாள். எஸ்தர் வாசலில் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். "நான் கல்முனையில மா மில் வெச்சிருக்கன். எண்ட பிழைதான் உம்மா. நான்தான் மெசினத் துப்புரவாக்காம முனவ்வறா ராத்தாட அரிசியப் போட்டன். அந்தப் பிள்ளையில ஒரு குறையும் இல்ல."

சல்மா உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மில்லா? முனவ்வறா அப்படி ஒண்டும் சொல்லலியே!"

"என்ன சொன்னாங்க?"

"மாவப் பாக்காமக் கிண்டினது எண்ட பிழைதான், மன்னிச்சிக்கங்க எண்டு சொன்னா. நானும் கோவத்துல, இதானா ஒங்கட வீட்டுத் துப்புரவு, இந்த வீட்டுலயா பொண்ணெடுக்கிற எண்டெல்லாம் ஏசிப்போட்டன். எங்க அரைச்ச எண்டு நாலு தரம் கேட்டன். நோன்போட ஒராளப் பத்திப் புறம் பேச மாட்டன் எண்டு சொல்லிற்றா. ஏச்செல்லாத்தயும் அவதான் கேட்டா."

எஸ்தர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிலுவையைப் பற்றி இத்தனை வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, அது தனக்காகவே, தனக்குத் தெரியாமல் நடந்து முடிந்தது அப்போதுதான் விளங்கியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சல்மா உம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஸ்தரின் முன்னாலேயே போனை எடுத்து முனவ்வறாவுக்கு அடித்து, "சம்மந்தி, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

பெருநாளுக்கு முன்னால், மில்லில் சனம் நெரிந்த ஒரு காலையில், முனவ்வறா அரிசிப் பையோடு வந்து வரிசையில் நின்றாள். விசயம் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முன்னால் அரைத்தது மிளகாய். எஸ்தர் தன் அரிசியில் ஒரு பிடி அள்ளினாள். அள்ளியதைக் கையில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள்.

"என்னகா, இண்டைக்குப் பிரசங்கம் இல்லியா?" என்றாள் முனவ்வறா.

"இல்ல ராத்தா. அது நீங்க செஞ்சிற்றீங்க."

"நான் என்னத்தச் செஞ்ச?" முனவ்வறாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. பையைத் தூக்கி மெசினுக்குப் பக்கத்தில் வைத்தாள். "முதல்ல அந்தப் பிடியப் போடு புள்ள. மறுகா அழலாம்."