எடுத்துக் கொடுத்த பெரிய டாக்டர்

எனக்கு வலது கண் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்த இடது கண்ணிலும் புரை விழுந்தது. திருச்சானூரில் பூ விற்கிறவள் நான். வாடின மல்லியையும் நல்ல மல்லியையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்ததும் மருமகள், "அத்தே, டாக்டர் வேணாம்னு இன்னும் எவ்ளோ நாளு வீம்பு பண்ணிக்கினு இருப்பீங்க?" என்று திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கண் டாக்டர் பேரைச் சித்தூர் வரைக்கும் சொல்லுவார்கள். என் கண்ணை ரெண்டு தரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உள்ள புரை பிடி விட்டு ஆடுது. இதுல என்னைவிட நல்ல கை வேலூர்ல இருக்குது. என்கிட்ட படிச்ச பொண்ணுதான். வரச் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க பேரைக் கேட்டுத்தான் சார் வந்தேன். பூக்காரிக்கு நேத்து படிச்ச பொண்ணு போதும்னுட்டீங்களா?"

அவர் கோபிக்கவில்லை. "பேரு பெருசுதாம்மா. இந்த வேலைக்கு அவ கைதான் பெருசு. உங்களுக்கு இருக்கிறது ஒரே கண்ணு. என் பேருக்காக அதை வச்சு விளையாடலாமா?"

ஆபரேஷன் அன்றைக்கு ஊசி போட்டு, முகத்தின் மேல் துணி போர்த்தினார்கள். காது மட்டும் நன்றாகக் கேட்டது. முதலில் வேலூர்ப் பொண்ணு குரல்.

"சார், நீங்க உக்காருங்க. கத்தி, ஊசியெல்லாம் நர்ஸ் எடுத்துக் கொடுப்பாங்க."

"இன்னிக்கு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கத்துக்கணும் இல்ல?"

"பக்கத்துல நின்னா பயமா இருக்குது சார்."

"அப்ப திரும்பி நின்னுக்கினு கொடுக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "சார், கொஞ்சம் பேசாம இருங்க. அந்தப் பொண்ணு வேலையைப் பாக்கட்டும்" என்றேன் துணிக்கு அடியிலிருந்து.

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். நடுவில் ஒரு இடத்தில் அந்தப் பொண்ணு மூச்சைப் பிடித்தது எனக்கே கேட்டது. அப்போதும் 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்று அவர் சொல்லவில்லை. எத்தனை பேரை ஏவின வாய் அது! பக்கத்தில் ஒருத்தி பூக் கட்டினால்கூட என்னால் திருத்தாமல் இருக்க முடியாது.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெளிச்சம், அப்புறம் ஒரு மூக்குத்தி, அப்புறம் பொண்ணு முகம்.

"தெரியுதா ஆயா?"

"உன் மூக்குத்தியில கல்லு சாஞ்சிருக்குதுடி" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் கதவுகிட்ட நின்றிருந்தார். மருமகள் ஓடிப்போய் அவர் காலில் விழப் பார்த்தாள்.

"தப்பான காலும்மா" என்று நகர்ந்து, பொண்ணைக் காட்டினார். அவள் பதறிக்கொண்டு அவரைக் காட்டினாள்.

யார் காலில் விழுவது என்று தெரியாமல் மருமகள் குனிந்தபடி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.