நான் கிளம்பினால் நின்றுவிடும் மோட்டார்

2005ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் மரக்காணம் உப்பளத்தில் ஒரு மோட்டாரை இறக்கினேன். அதற்குப் பிறகு வந்த சில வாரங்கள் எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. ஆண்டையும் மாதத்தையும் சொல்லாமல் எதையும் நினைத்துப் பார்க்க எனக்கு வராது. பழைய ஊர்வரலாறுகளைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆனால் அந்த வாரங்களை நினைத்தால் மாதம் நினைவுக்கு வருமுன்னே ஒரு சத்தம்தான் வருகிறது. தண்ணீர் இல்லாமல் பம்பு வெறுமனே சுற்றும்போது எழுகிற, பல்லைக் கடிப்பது போன்ற சத்தம்.

நான் கோட்டக்குப்பத்துக்காரன். சில ஆண்டுகள் வளைகுடாவில் அடுக்குமாடிக் கட்டடங்களின் பம்பு அறைகளில் வேலை பார்த்துவிட்டு 2003இல் ஊர் திரும்பினேன். மச்சானோடு சேர்ந்து மோட்டார் விற்கவும் பழுது பார்க்கவும் ஒரு கடை போட்டேன். வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடுகளின் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. 2004 டிசம்பர் கடைசியில் கடல் உள்ளே வந்தது. வடக்கே உப்பளத்துக் கால்வாய்களில் மணலும் சேறும் ஏறின. கரையில் இருந்த டீசல் இன்ஜின்கள் பல மூழ்கின. அப்படி இன்ஜினை இழந்த ஒருவர்தான் மாசி மாதத்தில் எங்கள் கடைக்கு வந்தார்.

நாற்பதைத் தாண்டிய பெண். உள்நாட்டு விவசாயக் குடும்பம், உப்பளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் வெளியூருக்கு லாரி ஓட்டப் போய்விட, அந்த ஆண்டு பாத்திகளை அவற்றின் உரிமையாளரான பாத்திக்காரரிடமிருந்து தன் பேரில் குத்தகைக்கு எடுத்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை பாய் என்றார்.

“எங்க பாத்திக்காரர் சொல்லிட்டாருங்க பாய். சித்திரை பொறந்ததும் வந்து பாப்பாராம். பாத்தியில உப்பு வெள்ளையா நின்னா இந்த வருஷம் எனக்கு. இல்லன்னா வேற ஆளுக்கு மாத்திடுவாராம். பொம்பள தனியா என்னா பண்ணுவான்னு ஏற்கெனவே ரெண்டு பேரு போய் அவரு காதுல ஊதிட்டானுங்க.”

“மணல் எடுத்தாச்சா?”

“இப்பத்தான் எடுத்து முடிச்சேன். எல்லாரும் தைலயே தண்ணி ஏத்திட்டாங்க. நான்தான் கடைசி.”

பழைய இன்ஜின் போலவே சின்னதாக ஒன்று போதும் என்றுதான் அவர் கேட்டார். அந்தப் பக்கம் மின்சாரம் வந்திருந்ததால் மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் மோனோபிளாக் ஒன்றைக் காட்டினேன். உப்புத் தண்ணீர் சாதாரண இரும்பை ஒரே பருவத்தில் அரித்துத் தின்றுவிடும். அதனால் உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் வெண்கலமாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அந்த வகையில் இரண்டு அளவு இருந்தன. தாமதமாகத் தொடங்குகிறார், தண்ணீர் சீக்கிரம் ஏறவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பெரியதைச் சொன்னேன்.

“பெருசுன்னா சீக்கிரம் ரொம்புமா பாய்?”

“பாதி நேரத்துல ரொம்பிடும்க்கா.”

முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. கால்வாயில் இறக்கிய குழாயின் நுனியில் ஃபுட் வால்வு. தண்ணீரை மேலே விட்டு, கீழே திரும்ப விடாத அந்த வால்வைக் கரையில் அடித்த ஒரு முளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். பம்பில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைத் தட்டியதும் கை கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. அக்கா அதில் முகம் கழுவிவிட்டு, “கண்ணு எரியுது, உப்புக்கு நல்ல தண்ணிதான்,” என்று சிரித்தார்.

நான் பைக்கில் கடைக்கு வந்து சேர்ந்ததுமே ஒரு ரூபாய் போனிலிருந்து அக்கா அழைத்தார்.

“பாய், உங்க மோட்டார் சுத்துது. தண்ணி வரல.”

மறுநாள் காலையில் போனேன். காற்று வாங்குகிறது என்று தெரிந்தது. எங்கே வாங்குகிறது என்பதுதான் கேள்வி. ஃபுட் வால்வை மேலே இழுத்துக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாஷரை மாற்றி, திரும்ப இறக்கினேன். ஓடியது. ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், நிற்காமல் ஓடியது. கிளம்பினேன். மாலையில் போன் வந்தது.

அடுத்த முறை தண்டு சுற்றும் இடத்தில் அடைத்திருக்கும் கயிற்றைப் புதிதாக அடைத்தேன். அதற்கடுத்த முறை ஒரு கட்டு ஊதுவத்தியோடு போனேன். குழாய் இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் ஊதுவத்திப் புகை அதற்குள் இழுபடும். ஒவ்வொரு மூட்டுக்கும் புகை காட்டிக்கொண்டு நான் குனிந்து போவதைப் பார்த்து அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“மோட்டாருக்கு பூசை போடறியா பாய்? உங்க பள்ளிவாசல்ல தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?”

“செக் பண்றேன்க்கா.”

“பண்ணு பண்ணு. கற்பூரம் வேணும்னா கேளு.”

புகை எங்கேயும் இழுபடவில்லை. மோட்டார் அருமையாக ஓடியது. நான் இருக்கும்வரை ஓடியது. ‘நீங்க’ என்று தொடங்கிய அக்கா அந்த வாரத்தில் ‘நீ’க்கு வந்துவிட்டார். அது கோபமா உரிமையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வேறொருவர் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்தத் திருகை எங்கே வைத்தேன் என்று தேடினேன். மத்தியானத்தில் மின்சாரம் இறங்குகிறது போல என்று நினைத்து மீட்டரோடு போனேன். மின்சாரம் சரியாக இருந்தது. அமாவாசையை ஒட்டிக் கால்வாயில் நீர் வற்றுகிறதோ என்று நாள்காட்டியைப் பார்த்தேன். அமாவாசை கழிந்தும் போன் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து குழாயின் நீளத்தைக் கணக்குப் போட்டேன். மச்சான் விடவில்லை.

“அந்த மோட்டார நிக்காஹ் பண்ணிக்கினியா என்னா? தினம் போற, தினம் வர்ற. திருப்பி எடுத்துக்கினு சின்னத குடுத்துட்டு வாயேன்பா.”

“சின்னதுதான் வித்துப்போச்சே. அடுத்தது வந்து சேர்றதுக்குள்ள அக்காவுக்கு சித்திரை வந்துடும்டா.”

அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. பக்கத்துப் பாத்திகளில் தண்ணீர் சுண்டிப் பிசுபிசுக்கத் தொடங்கியிருந்தது. அக்காவின் தெப்பங்கள், அதாவது பாத்திக்குப் போகுமுன் தண்ணீரைக் காயவிடும் அகன்ற தேக்கங்கள், கணுக்காலுக்குக்கூட நிரம்பவில்லை. பாத்திக்காரர் காதில் ஊதிய இருவரில் ஒருவர் வரப்பில் நின்று சாவகாசமாகப் பார்த்துவிட்டுப் போனார் என்று அக்கா சொன்னார். அன்று அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

பங்குனி பிறந்த வாரம். அன்றும் போனேன், வால்வை இழுத்துப் பார்த்தேன், இறக்கினேன், ஓடியது. கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, மேட்டில் கீற்று போட்டு மூடிக் கிடந்த பழைய உப்புக் குவியல் ஒன்றுக்குப் பின்னால் பைக்கை நிறுத்தி, அதன் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். மோட்டாருக்குத் தெரியாமல் மோட்டாரைப் பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று தோன்றாமல் இல்லை.

அக்கா தெப்பத்தில் விழும் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். கரைக்கு வந்தார். முளையில் இருந்த கயிற்றை அவிழ்த்து, ஃபுட் வால்வை இரண்டு சாண் மேலே தூக்கி, திரும்பக் கட்டினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்பைச் செதுக்கப் போய்விட்டார். தினமும் வாசல் பெருக்குகிறவர் செய்வதுபோல அவ்வளவு இயல்பாகச் செய்தார்.

ஓடிப் போய்க் கரையில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தேன். வால்வு தண்ணீருக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. அதற்கு நேர் மேலே தண்ணீர் மெல்லக் குழிந்தது. குழி சுற்றத் தொடங்கியது. புனல்போல நீண்டு வால்வின் வாயைத் தொட்டது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் பம்பு பல்லைக் கடித்தது.

“போகலியா நீ?” தலைக்கு மேலே அக்கா நின்றார்.

“கயித்த ஏன்க்கா தூக்குன?”

“தூக்காம? நீ பாட்டுக்கு அடியில வுட்டுட்டுப் போற. சேறு வருது. கடல் வந்ததுக்கு அப்பறம் அடியில எல்லாம் கருஞ்சேறு. அது தெப்பத்துக்கு வந்தா உப்பு கறுக்கும். கறுத்த உப்ப எவன் வாங்குவான்?”

“இத்தன நாளா சொல்லவே இல்லியே.”

“இது சொல்ற விஷயமா? மேல்தண்ணியத்தான எல்லாரும் எடுக்கறாங்க?”

அங்கே எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள். பழைய இன்ஜின்கள் மெதுவாக உறிஞ்சின, அதனால் சுழி விழவில்லை. நான் கொடுத்தது வேகமாக இழுத்தது, அதற்கு ஆழம் தேவைப்பட்டது. நான் வேலை பார்த்த பம்பு அறைகளில் குழாய் கான்கிரீட்டுக்குள் இறுகியிருக்கும். அதை ஒருவர் தூக்கிக் கட்டுவார் என்று எண்ண அங்கே இடமே இல்லை. இங்கே கயிற்றைத் தூக்கிக் கட்டாத நாளே இல்லை. நானோ வந்த ஒவ்வொரு முறையும் வால்வை இழுத்துப் பார்த்து அடிவரை இறக்கிக் கட்டினேனே தவிர, முன்பு அது எந்த உயரத்தில் இருந்தது என்று கவனித்ததே இல்லை.

“இப்ப என்னா, இறக்கிக் கட்டட்டா?” என்றேன்.

“கட்டு. அப்பறம் பாத்திக்காரர் வரும்போது கறுப்பு உப்ப நீயே காட்டு.”

“மேல கட்டினா காத்து வாங்கும்க்கா.”

“அப்ப காத்து வாங்காத மோட்டாரா குடுத்திருக்கணும்.”

தண்ணீர் வெளியேறும் குழாயில் இருந்த இன்னொரு வால்வைப் பாதி மூடினால் வேகம் குறையும், சுழி அடங்கும். செய்து பார்த்தேன். அடங்கியது. ஆனால் தண்ணீர் அந்த அளவில் விழுந்தால் சித்திரைக்குள் தெப்பம் நிரம்பாது என்பது இருவருக்கும் பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு பலகையைச் சுழியின் மேல் மிதக்கவிட்டேன். சுழி பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து அங்கே சுற்றியது. அக்கா அதைக் காலால் தள்ளினார். அது திரும்ப வந்தது.

மேல்தண்ணீர்தான் வேண்டும், ஆனால் வால்வு ஆழத்தில் இருக்கவேண்டும். கரையில் இங்கும் அங்கும் நடந்தேன். நிழலுக்குப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில், அவரும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் குடிப்பதற்கு நல்ல தண்ணீர் வைத்திருந்த நீல டிரம் கண்ணில் பட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தாகமா?”

“அந்த டிரம்ம கால்வாயில நிக்க வெச்சு, மேல் பக்கம் சுத்தி ஓட்ட போட்டா, மேல்தண்ணி மட்டும் உள்ள வந்து விழும். வால்வு டிரம்முக்குள்ள ஆழமா தொங்கும். டிரம்முக்கு அடி இருக்குது, சேறு உள்ள வராது.”

அக்கா டிரம்மைத் தட்டிப் பார்த்தார். நல்ல தண்ணீர் அந்தக் களத்தில் இல்லை. சாலையைத் தாண்டிப் போய்க் குடத்தில் கொண்டுவந்துதான் அதை நிரப்புவார்கள். ஓட்டை போட்ட டிரம்மில் திரும்பத் தண்ணீர் வைக்க முடியாது.

“கால்வாயில தண்ணி இறங்கினா?”

“இறங்கற அளவுக்கும் கீழ ஓட்ட போடலாம்.”

“ஓடலன்னா?”

“தெரியலக்கா. ஓடும்னுதான் நெனைக்கிறேன்.”

அவர் கூட இருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு டிரம்மில் இருந்ததைக் குடங்களிலும் குண்டானிலும் மொண்டு ஊற்றத் தொடங்கினார். மீதி இருந்ததைக் கீழே கொட்ட மனமில்லாமல் மூன்று பேரும் முகம், கை, கால் கழுவிக்கொண்டார்கள். என்னையும் கழுவச் சொன்னார்கள். கம்பியைக் காய்ச்சி ஓட்டைகள் போட்டோம். டிரம் மிதந்து மிதந்து சாய்ந்தது. மணல் மூட்டைகளை உள்ளே போட்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று அழுத்திப் பிடித்து நிறுத்தினோம். வால்வை அதற்குள் இறக்கினோம்.

ஓடியது. நான் நம்பவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை என்பதற்காகவே மறுநாள் போனேன். அக்கா தெப்பத்தைக் கையால் காட்டினார். தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகும் அமைதி கிடைத்துவிடவில்லை. இனி வெயில்தான் வேலை செய்யவேண்டும். பங்குனி நடுவில் மேற்கே மேகம் கூடியபோது கடை வாசலில் நின்று அதையே பார்த்தேன். ஒரு மழை விழுந்தால் எல்லாம் நீர்த்துவிடும். மேகம் கலைந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூடியது, திரும்பக் கலைந்தது.

சித்திரை பிறந்த மறுநாள் பாத்திக்காரர் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர். நான் வேலை இருப்பதுபோல மோட்டார் அருகில் நின்றேன். அவர் வரப்பு வரப்பாக நடந்து, ஒரு பாத்தியில் குனிந்து, அப்போதுதான் படியத் தொடங்கியிருந்த உப்பைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். மெல்லிய படிவுதான், ஆனால் வெள்ளை. கால்வாய்க்கரைக்கு வந்ததும் நின்றார்.

“ஏம்மா, அது என்னா டிரம்மு?”

“அது இந்த பாய் துபாய்ல கத்துக்கினு வந்ததுங்க. அங்க எல்லாம் இப்படித்தானாம்.” அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தலையாட்டி வைத்தேன்.

“சரி. இந்த வருஷம் நீயே பாரு,” என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பினார். “கெழக்கால அந்த மூணு பாத்தி மணல் எடுக்க ஆள் இல்லாம கெடக்குது. தண்ணி கொண்டுபோக முடியும்னா அதையும் எடுத்துக்க. சாயங்காலம் சொல்லு.”

அவர் போனபின் அக்கா கிழக்கே பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

“பாய், இங்கேர்ந்து அங்க வரைக்கும் தள்ளுமா இது?”

வரப்பு நேராகப் போகவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. அதைத் தாண்டிக் குழாய் ஏறி இறங்கவேண்டும். எத்தனை வளைவு, எவ்வளவு நீளம், அங்கே தரை உயரமா பள்ளமா என்று மனம் ஓடத் தொடங்கியது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன்.

“என்னா பாய், வாயில உப்பு கட்டிக்கிச்சா?”

“நடந்து பாத்துட்டுச் சொல்றேன்க்கா. நீயும் வா. அங்க என்னென்ன செய்வேன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கினே வா.”

“அதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார்.