சம்மதம் கேட்டவர்

யுத்த காலத்தில் எங்கள் கண்டி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்தவர். சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். வடக்குக் கிளையின் கணினியையும் இங்கிருந்தே இயக்குவார். ஆனால் அங்கிருப்பவர் திரையில் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினால்தான் உள்ளே போகலாம் என்ற பாதுகாப்பு விதியை அவரே அமைத்திருந்தார்.

ஒரு காலை அங்கே ஷெல் விழுந்ததாகச் செய்தி வந்தது. போன் கிடைக்கவில்லை, செய்மதி வழியான கணினி இணைப்பு மட்டும் இருந்தது. அவர் திரும்பத் திரும்பச் சம்மதம் கேட்டார். பதில் இல்லை.

“கேக்காமலே உள்ள போற மாதிரி மாத்திடலாமே, அண்ணே?” என்றேன்.

“மாத்தலாம். பிறகு அங்க ஆள் இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

மதியம் சாப்பிடவும் எழவில்லை. பின்னேரம் யாரோ சம்மதித்தார்கள். அவர் உள்ளே போகாமலே இணைப்பைத் துண்டித்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

அங்கே அவருக்கு யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.