மரியசெல்வி டெல்லிக்குப் போனது

அந்த வாரம் மரியசெல்வி வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தாள். காய்ந்ததும் மாட்டினாள். மறுநாள் மறுபடியும் கழற்றினாள். முன்னறையில் நடத்தும் பியூட்டி பார்லரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டாள். "அக்கா, ஒரு புருவந்தான் ஆச்சு!" என்று அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துக் கத்தவேண்டியிருந்தது.

டெல்லியிலிருந்து பதில் வந்திருந்தது. இந்தியக் குடியுரிமை கேட்டு அவள் போட்ட விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் குடியுரிமையை விட்டுவிட்டதற்கான சான்றைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வருடக்கணக்காகக் காத்திருந்தவளுக்கு, கிடைக்கப்போகிறது என்றதும் இருப்புக்கொள்ளவில்லை. கணவன் ஆன்ஸ்லின் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதுவரை யோசனை கேட்க ஆளில்லை.

பிறந்தபோது அவள் பெயர் மரிசெல். போஹோல் என்ற தீவு அவளுடைய ஊர். குவைத்தில் ஒரு சலூனில் வேலை பார்த்தபோது, சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசையில் ஆன்ஸ்லினைச் சந்தித்தாள். அங்கே மீன்பிடி லாஞ்சில் இருந்த அவன் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவளுக்குத் தெரிந்த அரபியும் காதலுக்குப் போதுமானதாக இருந்தன. ஊரில் கல்யாணம் நடந்தபோது, இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று சர்ச் உபதேசியார் நம்பவில்லை. கோயில் புத்தகத்தில் மரியசெல்வி என்று எழுதிவிட்டார். ஊர் அதையே பிடித்துக்கொண்டது.

முதலில் பிள்ளைகள் 'சைனாக்காரி' என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடின. குழாயடிச் சண்டையிலும் மீன்சந்தையிலும் அவள் தமிழ் படித்தாள். மகள் ஜாஸ்மி பிறந்தாள். பிறகு கல்யாண அலங்காரத்தில் பெயரெடுத்து, மலைப்பக்கத்து அருமனையிலிருந்துகூட ஆட்கள் போனில் "அந்த பிலிப்பைன்ஸ் அக்காதானே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் விசா முடிகிற ஒவ்வொரு தடவையும் நாகர்கோவில் போலீஸ் ஆபீசில் போய் நிற்கவேண்டும். கூடவே ஆன்ஸ்லின் வந்து, இவள் என் மனைவி, என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போடவேண்டும். அவள் இங்கே இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம் என்பதுபோல.

ஒக்கிப் புயல் அடித்த வருடம் ஆன்ஸ்லினின் படகைப் பற்றி நாட்கணக்கில் தகவலில்லை. கரை முழுக்கப் பெண்கள். பக்கத்து வீட்டு டெல்சியும் மரியசெல்வியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். ஆன்ஸ்லின் லட்சத்தீவில் கரையேறி உயிரோடு வந்தான். டெல்சியின் கணவன் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மரியசெல்வி குடியுரிமை பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று ஆன்ஸ்லின் கேட்டபோது, "குடியுரிமை எடுக்கல்லியான்னு எல்லாரும் கேக்காவ, அதான்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பதில் வந்ததும் முதலில் போஹோலில் இருந்த அம்மாவுக்குத்தான் வீடியோ கால் போட்டாள். அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு, "அப்படியென்றால் இனி நீ இங்கே வர யாரிடமாவது அனுமதி கேட்கவேண்டுமா?" என்றாள். மரியசெல்வி சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டாள்.

டெல்லியிலுள்ள பிலிப்பைன்ஸ் தூதரகத்துக்குப் போவதற்கு டிக்கெட் எடுத்தாள். ஜாஸ்மியை ஆன்ஸ்லினின் தங்கை ரெனிஷா வீட்டில் விட்டுவிட்டு, குழித்துறை ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தாள். திருவனந்தபுரம் போய் டெல்லி ரயிலைப் பிடிக்கவேண்டும். வண்டி வந்தது, நின்றது. எழுந்து ரயில் பெட்டியின் வாசல் கைப்பிடியைத் தொட்டாள். வண்டி போய்விட்டது. அவள் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வந்து இறங்கியவளை, முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த டெல்சி ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, டெல்லிக்கு போனவ அதுக்குள்ள வந்தாச்சா?"

"ட்ரெயின் வந்துது. நான் ஏறல்ல."

"எதுக்கு?"

"தெரியல்ல."

டெல்சி கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு பறயேன், கேளு. எனக்க ஆளு போனப்ப, ஓடிப்போவ எனக்கொரு எடம் இருந்திருந்தா நான் போயிருப்பேன். இந்தக் கடலு கண்ணுல படாத எடமா பாத்து. எனக்கு இல்ல, அதுனால இஞ்ச கெடக்கேன். ஒனக்கு உண்டு. இருக்கியத எதுக்கு அறுக்கிய?"

மரியசெல்விக்குக் கோபம் வந்தது. இவளாவது, நீ எங்க ஊருக்காரி, பயப்படாமல் போய்க் கையெழுத்துப் போடு என்று சொல்வாள் என நினைத்திருந்தாள். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. பார்லர் நாற்காலிகளை இடம் மாற்றினாள், மாற்றியதைத் திரும்பப் பழையபடி போட்டாள். சாயங்காலம் ஆற்றின் முகத்துவாரம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து ஆன்ஸ்லின் கடலிலிருந்து திரும்பினான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"மனசில்லேன்னா விட்டுத்தள்ளு. நான் இருக்கம்லா? பின்ன ஒனக்கென்ன கொறவு?"

"நீங்க இருக்கியது வரைக்கும்."

சோற்றில் வைத்த கை நின்றது. "என்னட்டி பறயிய?"

"ஒக்கியில கரையில நின்னப்ப நான் ஒங்களுக்காக மட்டும் செபிக்கல்ல. ஒங்களுக்கு வல்லதும் ஆச்சுதுன்னா என்னை என்ன செய்வாவன்னு நெனச்சேன். ஜாஸ்மி இஞ்சத்த பிள்ள. நான் யாரு? டெல்சி அழுதுகிட்டு அவளுக்க வீட்டுல கெடந்தா. நான் எங்க கெடந்து அழ?"

"அப்ப நான் செத்தா என்னன்னு கணக்கு போட்டுதான் அப்ளிகேஷன் குடுத்தியா?"

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். துறைமுகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் வந்து அடுக்களை வாசலில் நின்றான்.

"எனக்காக நீ எனக்க நாட்டுக்காரி ஆவுறன்னு நெனச்சிருந்தேன்."

"இல்ல, ஜாஸ்மிக்க அப்பா. ஒங்க பொஞ்சாதின்னு இல்லாமலும் நான் இஞ்ச நிக்கணும். அதுக்காக்கும்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. ஆன்ஸ்லின் உள்ளே வந்து அடுக்களைத் திண்டில் உட்கார்ந்தான். முகத்தில் வருத்தம் போகவில்லை.

"செரி. அடுத்த தடவ நான் கடலுக்குப் போவல்ல. ஒனக்க கூட வாறேன்."

"வேண்டாம். நான் தனியா போயிட்டு வாறேன்."

இந்தத் தடவை ரயில் ஏறினாள். ஸ்டேஷன் வரை வந்த ஆன்ஸ்லின், வண்டி நகர்ந்ததும் ஜன்னலோடு கொஞ்சதூரம் நடந்தான். தூதரகத்தில் இருந்த பெண் அவளுடைய ஊர் மொழிக்காரியாகவே இருந்தாள். நன்றாக யோசித்துத்தான் வந்தாயா என்று அவள் அந்த மொழியில் கேட்டாள். ஆமாம் என்று அதே மொழியில் சொல்லி மரியசெல்வி கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் மோசமானவை. பழைய நாட்டை விட்டாயிற்று, புதிய நாட்டின் சான்றிதழ் கைக்கு வரவில்லை. தெருவில் போலீஸ் ஜீப் போனால்கூட எழுந்து நின்றாள். மணப்பெண்களுக்குக் கொண்டை போடும்போது ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தாள்.

கடைசியில் சான்றிதழ் வந்தது. வீட்டில் பெரிதாக ஒன்றும் கொண்டாடவில்லை. "இனி நீ கிரிக்கெட் பாப்பியாம்மா?" என்று ஜாஸ்மி கேட்டாள். டெல்சி சான்றிதழை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டோவில் நெற்றி பெரிதாக இருக்கிறது என்றாள். ஆன்ஸ்லின் அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது எப்போதும்போல அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனான். அவர்களுக்கிடையே ஏதோ ஒன்று மாறியிருந்தது. கெட்டுப்போகவில்லை, மாறியிருந்தது. அவள் சொல்வதை அவன் இப்போது கொஞ்சம் கவனமாகக் கேட்டான்.

அடுத்த கோடை விடுமுறையில் ஜாஸ்மியைக் கூட்டிக்கொண்டு போஹோலுக்குப் போனாள். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றாள். அதிகாரி இங்கிலீஷில் கேட்டதற்கு அவள் ஊர் மொழியில் பதில் சொல்ல, அவன் இந்தியப் பாஸ்போர்ட்டையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அங்கே பிறந்தவள் என்பதால் ஒரு வருடம் தங்கலாம் என்று முத்திரை குத்தினான்.

அவளால் பத்து நாள்கூட உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், கோழிக்கூட்டுக்குப் போனாள், அரபிக்கடலில் காற்று எப்படி என்று போனில் பார்த்தாள், மறுபடியும் அடுப்படிக்கு வந்தாள். நாட்டை விட்டதால்தான் இப்படி அலைகிறேனோ என்று அம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நாடா? நீ தொட்டிலிலேயே இப்படித்தான். உன்னைப் பிடித்து உட்காரவைக்க உன் அப்பாவாலேயே முடியவில்லை."

ஜாஸ்மி என்ன என்று தமிழில் கேட்டாள். மரியசெல்வி மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்துக் கிழங்கு சீவ ஆரம்பித்தாள்.